சின்னது ரெண்டுக்கு ஒண்ணு

பிப்ரவரி 19, திங்கள்

எண்ணெய் ஆலைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. வியாபாரக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. இதில் எழுத எனக்கு எரிச்சல் ஒன்றுதான் மிச்சம். இன்று அது நிறைய இருக்கிறது.

சாயங்காலம் தேங்காய் வியாபாரிகள் சங்கக் கூட்டம். புதிய ஏல வளாகம் கட்டப் பெரிய குளத்தின் கிழக்கு ஓரத்தைக் கேட்டு இரண்டு வருடமாக அலைகிறோம். செயலாளர் என்கிற முறையில் அலைந்தவன் நான். தலைவர் என்கிற முறையில் அலையாமல் இருந்தவர் திருமூர்த்தி. கடைசியில் கோட்டாட்சியர் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார். மார்ச் மூன்றாம் தேதி குளத்துப் பறவைகளை எண்ண வேண்டும். ஐயாயிரத்துக்கு மேல் இருந்தால் குளத்தை யாரும் தொடக் கூடாது. குறைந்தால் எங்கள் மனுவைப் பார்க்கலாம். நாற்பது கடைகளின் தலையெழுத்தை இனி வாத்தும் கொக்கும் எழுதும்.

எண்ணப்போவது பறவை ஆர்வலர்களாம்.

"அவங்களே எண்ணி அவங்களே எழுதுனா லட்சம்னு எழுதிப்போடுவாங்க. நம்மாளு ஒருத்தரு கூட நிக்கோணும்" என்றார் திருமூர்த்தி. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினான்கு வயதில் மட்டை உரிக்க வந்தவன் நான். குவியலைப் பார்த்தே பத்துக் காய் முன்னே பின்னே சொல்லிவிடுவேன். என்னிடம் எண்ணிக்கையில் ஏமாற்றியவன் இந்தத் தாலுகாவில் இன்னும் பிறக்கவில்லை.

முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சேற்றில் நின்று கொக்குப் பார்க்க எனக்கென்ன கிறுக்கா என்று கேட்டேன். பிறகு, ஆர்வலர்கள் அனுப்பியிருந்த கடிதத்தை வாங்கிப் படித்தேன். ஒருங்கிணைப்பாளர்: ஆர். இந்துமதி, விலங்கியல் ஆசிரியை.

சங்கத்தின் நலன் கருதி ஒப்புக்கொண்டேன்.

இந்துமதி என் மகள். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நான் பார்த்த மாப்பிள்ளைக்கு நான்கு தோப்பு. அவள் பார்த்த மாப்பிள்ளைக்கு ஒரு பைனாகுலர். சேவியர் என்று பெயர். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. நான் போகவில்லை, அன்றைக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பெயருக்கு முன்னால் இன்னும் 'ஆர்' என்றே போடுகிறாள். ராக்கியப்பன் என்கிற அப்பனின் முதல் எழுத்து. மாற்றுவதற்குச் சோம்பலாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 22, வியாழன்

என் தேங்காய்க் களத்தில் புதிதாக எண்ண வந்த பொம்பளை முருகாத்தாள். கோளிக்காய் என்கிற சின்னக் காய்களையும் பெரிய காயோடு சேர்த்து முழுசாக எண்ணிக்கொண்டிருந்தாள். கத்தினேன்.

"ஏனம்மிணி, எலுமிச்சம்பழம் அளவு இருக்கறதையும் ஒண்ணுன்னு எண்ணுவியா? சின்னது ரெண்டுக்கு ஒண்ணு. பெரிய காய் கைக்கு நாலு, சின்னது கைக்கு எட்டு. இது கூடத் தெரியாம எந்த ஊர்க் களத்துல இருந்தே?"

"எங்கூர்ல எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணுதானுங்க மொதலாளி."

"அதனாலதான் உங்கூர்ல களமே இல்லாமப் போச்சு."

இருபத்தைந்து கை நூறு. நூறு முடிந்தால் ஒரு கல்லைத் தள்ளி வை. உலகத்தில் இதைவிடச் சுத்தமான கணக்கு கிடையாது. இரண்டு தரம் சொன்னேன், பிடித்துக்கொண்டாள்.

ருக்குமணி வழக்கம்போல வியாழக்கிழமைக் கோயிலுக்குப் போனாள். என் மனைவிக்கு நான்கு வருடமாகப் புதிய பக்தி. கட்டைப்பை நிறைய எட்டுக் காய் எடுத்துப் போகிறாள். எட்டுக் காய் உடைக்கச் சொல்லும் சாமி எது என்று நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது திருநீறு இருக்காது, புடவையில் மட்டும் குழந்தைப் பவுடர் வாசனை இருக்கும். அந்தச் சாமிக்குப் பவுடர் அபிஷேகம் போல.

களத்து வாசலில் இருக்கும் சாக்கில்தான் அவள் காய் எடுப்பாள். அதில் நல்ல முத்தல் காயாக நானே காதில் வைத்து ஆட்டிப் பார்த்துப் போடுகிறேன். திருடன் வந்து எடுத்துப் போனாலும் நம் களத்துப் பெயர் கெடக் கூடாது.

பிப்ரவரி 25, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு. பறவையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தருகிறார்களாம். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு மணி நேரம்.

முப்பது பேர் வந்திருந்தார்கள். பேங்க் அதிகாரி, பல் டாக்டர், கல்லூரிப் பிள்ளைகள். எல்லாரும் சேற்று நிறத்தில் சட்டை. நான் வெள்ளை வேட்டி சட்டையில் போய் உட்கார்ந்தேன். பறவைகளுக்கு வெள்ளை ஆகாதாம். கொக்குக்கு யார் சொல்வது?

இந்துமதி பலகையில் படம் போட்டு விளக்கினாள். இளைத்திருக்கிறாள். கண்ணாடி புதிது. கூட்டமாக இருந்தால் பத்துப் பத்தாகப் பிரித்து, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவால் மற்றதை அளந்துகொண்டு போக வேண்டும் என்றாள். களத்தில் குவியலை மதிப்பிடும் அதே முறை. ஏழு வயதில் என் தோளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைப் படித்துத் தெரிந்தது போலச் சொன்னாள். சரியாகச் சொன்னாள், அதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"வியாபாரிகள் சங்கத்து சாருக்கு ஏதாச்சும் சந்தேகம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அன்னைக்கு வெள்ளை வேண்டாங்க சார்."

"சரிங்க மேடம்."

வகுப்பில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே நடித்தோம்.

பிப்ரவரி 28, புதன்

பைனாகுலர் வாங்கினேன். காக்கி நிறத்தில் ஒரு சட்டை. கான்வாஸ் ஷூ. எல்லாம் சங்கத்துக்காக. ருக்குமணி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சட்டையை ஒரு தரம் அலசி இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்குக் குளத்தங்கரை. மாசிப் பனி இன்னும் விடவில்லை. கரையில் இருந்த புங்கமரங்கள் பழைய இலையெல்லாம் கொட்டிப் புதுத் தளிர் விட்டிருந்தன. அந்த வழியாக இரண்டு வருடமாக அளவை ஆட்களோடு போய் வந்திருக்கிறேன். மரம் இருப்பதை இன்றுதான் பார்த்தேன். அன்றைக்கெல்லாம் வெட்ட வேண்டிய மரம் பதினேழு என்று எழுதியதோடு சரி.

குளத்தை நான்காகப் பிரித்தார்கள். எனக்குக் கிழக்குப் பக்கம், எங்கள் வளாகம் வரப்போகும் இடம். வேண்டுமென்றே கொடுத்தாளா, சீட்டில் விழுந்ததா தெரியவில்லை. எழுதிக்கொள்ள வைதேகி என்று ஒரு பேங்க் அதிகாரி அம்மா. கோயமுத்தூர். நான் எண்ணிச் சொல்ல வேண்டும், அவர் எழுத வேண்டும்.

"சார், நீங்க எத்தனை வருஷமா பேர்டிங் பண்றீங்க?"

"இன்னியோட முக்கால் மணி நேரமாச்சுங்க."

அந்த அம்மா பேனாவைத் திறந்து தாளைப் பார்த்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்ததும் எண்ண ஆரம்பித்தோம். நாமக்கோழி என்று ஒன்று. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. என்னைவிடப் பக்தி அதிகம். அறுநூற்று நாற்பது. ஊசிவால் வாத்து நானூற்றுப் பத்து. சைபீரியாவிலிருந்து வருகிறதாம். அத்தனை தூரம் பறந்து வந்து எங்கள் ஊர்க் குளத்தில் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கூழைக்கடா இருபத்திரண்டு. தாடைக்குக் கீழே பை. வசூலுக்கு வருகிறவர்கள் போலவே வரிசையாக வந்தன.

நான் என் வழக்கப்படி எண்ணினேன். கண்ணால் ஒரு கை, ஒரு கை என்று தள்ளிக்கொண்டே போனால் இருபத்தைந்து கைக்கு ஒரு கல் சட்டைப் பையில் விழும். வைதேகி அம்மா வியந்து போனார். "மெஷின் மாதிரி பண்றீங்களே சார்" என்றார். தேங்காய் நகராது, இது நகர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீர்ப்பறவை அல்லாத உயிரினங்கள் என்று தனிக் கட்டம் ஒன்று இருந்தது. கீரி மூன்று, முயல் ஒன்று, மயில் முப்பத்தொன்று, கரை ஓரத்து வேலிப் புதரில் ஒரு நரி. நரி எங்களை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனது. இவர்களுக்கு வேறு பிழைப்பே இல்லையா என்கிற பார்வை.

கடைசியாகச் சேற்றுத் திட்டு. அங்கேதான் உள்ளான் கூட்டம். குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, சேற்றின் நிறம். ஒரு இடத்தில் நிற்பதில்லை. கொத்துவதும் ஓடுவதுமாக இருக்கின்றன. திட்டே நெளிவது போல இருந்தது. முக்கால் மணி நேரம் பிடித்தது. பையில் பதினோரு கல். "ஆயிரத்து நூத்தி இருபது, எழுதிக்குங்க" என்றேன். திரும்பவும் ஒரு தரம் எண்ணினேன். அதே ஆயிரத்து நூற்று இருபது. என் கண் என் கண்தான்.

ஒன்பது மணிக்கு எல்லாரும் மதகு பக்கம் கூடினோம். பொங்கலும் டீயும் வந்தது. அங்கே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். சேவியர் என்று எழுத வந்தது, கை மாப்பிள்ளை என்று எழுதிவிட்டது, இருக்கட்டும். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். நான் டீயைக் குடித்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதில் ஒரு பெண். நூல்கண்டு அட்டை இரண்டை ஒட்டிக் கயிறு கட்டிக் கழுத்தில் பைனாகுலராக மாட்டியிருந்தது. ஆதிரை என்று பெயர். யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ருக்குமணி தூக்கத்தில் பேசுவாள்.

"அம்மா, இது யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டது.

இந்துமதி பொங்கல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சங்கத்து சார்."

"சங்கத்து சார், உங்க பூதக்கண்ணாடி பெருசு" என்றது.

"மாத்திக்கலாமா?" என்றேன். உடனே கழற்றிக் கொடுத்துவிட்டது. இந்த வயதிலேயே இப்படி வியாபாரம் செய்தால் உருப்படாது. அட்டைக் குழாய் வழியாகக் குளத்தைப் பார்த்தேன். எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பத்து மணிக்குக் கூட்டல் முடிந்தது. நான்கு பக்கமும் சேர்த்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. ஐயாயிரத்துக்கு அறுநூற்றுத் தொண்ணூறு குறைவு. இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இந்துமதி என் தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். உள்ளானில் விரல் நின்றது.

"போன ஞாயித்துக்கிழமை இதே திட்டுல நானே எண்ணுனேன். ரெண்டாயிரத்து முந்நூறு. மீதிப் பாதிய எங்க விட்டீங்க சார்?"

"இருந்தத எண்ணுனனுங்க மேடம்."

என்னை நேராகப் பார்த்தாள். நான்கு வருடத்தில் முதல் தரம்.

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

அவள் கையெழுத்துப் போட்டாள், பக்கத்திலேயே 'ஆட்சேபணையுடன்' என்று எழுதினாள். நானும் போட்டேன். ராக்கியப்பன் என்று முழுசாக.

மார்ச் 4, திங்கள்

ஒரு பறவையைக் கூட நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த டைரியில் பொய் எழுத எனக்கு அவசியம் கிடையாது, இதை யாரும் படிக்கப் போவதில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் என் எண்ணிக்கையைத்தான் முடிவாக வைப்பார்கள். பெற்ற மகள் பேங்க் அதிகாரி முன்னால் பாதி எங்கே என்று கேட்கிறாள்.

திருமூர்த்தி இனிப்புப் பெட்டியோடு வந்தார். "கலக்கீட்டீங்க ராக்கியப்பண்ணா. மூலைக் கடை உங்களுக்குத்தான்" என்று கண்ணடித்தார். அவரும் நான் குறைத்துச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறார். ஒருத்தி அதற்காகத் திட்டுகிறாள், ஒருத்தர் அதற்காக மைசூர்பாகு கொடுக்கிறார். நிஜமாகவே குறைத்திருந்தால் இத்தனை எரிச்சல் இருந்திருக்காது.

மார்ச் 6, புதன்

களத்தில் முருகாத்தாள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் ஏலச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நன்றாகத் தேறிவிட்டாள். கை தானாக ஓடுகிறது. பெரிய காய் வந்தால் நாலு நாலாகத் தள்ளுகிறாள். கோளிக்காய் வந்ததும் யாரும் சொல்லாமலே எட்டு எட்டாகத் தள்ளுகிறாள். வாய் எண்ணுவது ஒரு கை, ஒரு கை என்றுதான்.

நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தேன். "என்னுங்க மொதலாளி?" என்றாள். வெயில் என்றேன். நிழலில்தான் நின்றிருந்தேன்.

கைக்கு எட்டு.

மார்ச் 7, வியாழன்

நடைப்பயிற்சிக்குப் போனேன். டாக்டர் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தற்செயலாகக் குளத்துப் பக்கம் கால் போனது. தற்செயலாகப் பைனாகுலரும் கழுத்தில் இருந்தது.

உள்ளானை ஒன்றுக்கு ஒன்றாக எண்ணினேன். லேசான வேலை இல்லை. இரண்டு சின்னதைச் சேர்த்துப் பார்த்தே பழகிய கண், ஒவ்வொரு தரமும் இரண்டை ஒன்றாக்கிக்கொள்ளப் பார்க்கிறது. விரலை மடக்கி மடக்கி எண்ண வேண்டியிருந்தது, ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. இரண்டாயிரத்து நூற்று எண்பது. அன்றைக்கு நான் சொன்னதை இரட்டித்தால் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது. நான்கு நாளில் அறுபது குறைந்திருக்கிறது. வெயில் ஏறுகிறது, ஊருக்குக் கிளம்பியிருக்கும்.

விட்டுப்போன ஆயிரத்து நூற்று இருபதைச் சேர்த்தால் மொத்தம் ஐயாயிரத்து நானூற்று முப்பது. அதாவது வளாகம் கிடையாது. அதாவது மூலைக் கடை கிடையாது.

வீட்டுக்கு வந்தபோது ருக்குமணி கட்டைப்பையில் காய் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்ற சாமி எப்படி இருக்குது?" என்றேன்.

அவள் கை நின்றது. "கோவமா இருக்குதுங்க" என்றாள்.

மார்ச் 9, சனி

திருமூர்த்தி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். கெட்டிக்காரர்.

"இதை யாருகிட்டீங்கண்ணா சொன்னீங்க?"

"உங்ககிட்டத்தான்."

"அப்பச் செரி. திங்கக்கிழமை நீங்க பொய் சொல்ல வேண்டாம். எந்திரிச்சு ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா உக்காந்திருங்க போதும். தாளு பேசிக்கும்."

"தாளு தப்புங்க."

"தப்புன்னு உங்களுக்கும் எனக்கும்தான தெரியும். அந்தக் குருவி வந்து சொல்லப்போகுதா?" காபியை என் பக்கம் நகர்த்தினார். "நாப்பது குடும்பம்ணா. ரெண்டு வருசம் நீங்க அலைஞ்ச அலைச்சல். அதுவும் நம்ம பேச்சக் கேக்காமப் போன புள்ளைக்காகவா?"

"புள்ளைக்காக இல்லீங்க" என்றேன். "எண்ணிக்கைக்காக."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சொன்னதை இரண்டு பேருமே நம்பவில்லை.

நாற்பது குடும்பம் என்பது மட்டும் சரியான எண்ணிக்கை. அதை இங்கே எழுதியாக வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

எதுவும் இல்லை. மூன்று தரம் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 11, திங்கள்

கோட்டாட்சியர் அலுவலகம். கோட்டாட்சியர் முப்பது வயது இருக்கும் ஒரு அம்மா. ஒரு பக்கம் நாங்கள் பதினைந்து பேர் வெள்ளை வேட்டியில். எதிர்ப் பக்கம் சேற்று நிறத்தில் ஆறு பேர். நடுவில் என் தாள்.

"நாலாயிரத்து முந்நூத்திப் பத்து. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆட்சேபணை என்னன்னு சொல்லுங்க."

இந்துமதி எழுந்தாள். கிழக்குப் பக்கத்து உள்ளான் எண்ணிக்கை பாதியாக இருக்கிறது, ஒரு வாரம் முன்னால் எடுத்த படம் இருக்கிறது என்றாள்.

திருமூர்த்தி எழுந்து கும்பிட்டார். "போன வாரம் இருந்தது போன வாரமுங்க. பறவைக்கு றெக்கை இருக்குதுங்களே. அதுகளக் கட்டியா வெக்க முடியும்?"

எங்கள் பக்கம் சிரிப்பு. அதிகாரி அம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. மட்டை உரிக்கிற காலத்தில் நாள் முழுக்கக் கடப்பாரை முன்னால் நின்றவன் நான். அரை நிமிடம் உட்கார முடியவில்லை.

"அம்மா, அந்தத் தாளு தப்புங்க" என்றேன்.

பேனா நின்றது. "நீங்க?"

"எண்ணினவனுங்க. ராக்கியப்பன். தேங்காக் களத்துல சின்னக் காய் ரெண்டுக்கு ஒண்ணுங்க. அந்தக் கைப் பழக்கத்துல உள்ளானையும் ரெண்டுக்கு ஒண்ணா எண்ணிப்போட்டனுங்க. அது ஆயிரத்து நூத்தி இருபது இல்லீங்க. அதுல ரெண்டு மடங்கு."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. எங்கள் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"பறவையை அரை அரையா எண்ணுனீங்களா?"

"ஆமாங்க."

"நீங்க எந்தத் தரப்பு?"

"வியாபாரிங்க சங்கமுங்க. செயலாளர்." திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த நிமிசம் வரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"அப்புறம் நீங்களே ஏன் இதைச் சொல்றீங்க?"

இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். நேர்மை, முப்பத்தெட்டு வருடம் என்றெல்லாம்.

"எண்ணுனது நானுங்க" என்றேன்.

நாளைக் காலை தானே குளத்துக்கு வந்து, நான்கு பக்கமும் முன்னால் நின்று எண்ணச் சொல்லிப் பார்ப்பதாக அதிகாரி அம்மா சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் என் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் வரவில்லை. சங்கத்துக்காரர்கள் சங்கமாகப் போய்விட்டார்கள். சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் கல் மட்டும் வந்தது. இந்துமதி வந்து நின்றாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"புதன்கெழமை."

"அன்னைக்கு நான் கேட்டதுக்கே சொல்லியிருக்கலாமுங்கல்ல, வேணும்னு பண்ணலைன்னு."

"சொன்னா நம்பியிருப்பியா?"

யோசித்தாள். "இல்ல" என்றாள். அவளும் என்னைப் போலத்தான், வாய்க்கு வந்த சமாதானம் சொல்லத் தெரியாது.

வண்டிச் சக்கரத்தைச் செருப்பு நுனியால் தட்டினாள்.

"அம்மா வியாழக்கெழமை கொண்டாற காய் எல்லாம் நல்ல முத்தல் காயா இருக்குது. ஒண்ணு கூட சொத்தை போனதில்ல."

"அப்படியா."

"அம்மாவுக்கு முத்தல் காய் பாக்கத் தெரியாதுங்கப்பா."

களத்தில் மேலே கிடக்கிறது அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"நாலு வருசமாவா?" என்றாள்.

சாவி கிடைத்துவிட்டது. வேட்டி மடிப்பிலேயே இருந்திருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

அதிகாரி அம்மா முன்னிலையில் மறு எண்ணிக்கை. மொத்தம் ஐயாயிரத்து இருநூற்று முப்பது. அந்த அம்மாவின் செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது, அதைச் சேர்க்கவில்லை. குளத்தைத் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெற்கே ரயில் பாதை ஓரத்துப் புறம்போக்கை வேண்டுமானால் கேளுங்கள் என்றார். அங்கே லாரி திரும்ப இடம் கிடையாது. இனி அலைய வேண்டியது புதிய செயலாளர்.

மார்ச் 13, புதன்

புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை, வாட்ஸப்பில் வந்தது. கீழே ஒருத்தன் 'அரை ராக்கியப்பன்' என்று எழுதியிருக்கிறான். இந்தப் பெயர் நிற்கும். நான் செத்தாலும் நிற்கும்.

மார்ச் 14, வியாழன்

ருக்குமணி கோயிலுக்குப் போகவில்லை. கட்டைப்பையைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறாள். "ஞாயித்துக்கெழமை நாலு வாழை இலையும் ஒரு ஏடும் கொண்டாங்க" என்றாள். நான் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. இலைக் கடையில் ஐந்து முழு இலை வாங்கிக்கொண்டேன். கேட்டால், ஏடு, அதாவது பாதி இலை, கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 17, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார்கள். பைக்கில் மூன்று பேர், நடுவில் அது, கழுத்தில் அட்டைப் பைனாகுலர். வாசலில் இறங்கியதும் கேட்டது: "இது சங்கத்து சார் வூடா?"

"சங்கத்துல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க கண்ணு" என்றேன்.

"அப்ப நீங்க யாரு?"

இந்துமதி செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள். மாப்பிள்ளை சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார். ருக்குமணி சமையல்கட்டில் கரண்டியைப் போட்டாள். எல்லாரும் என்னிடமே விட்டுவிட்டார்கள்.

"தாத்தா" என்றேன். ஒரு வார்த்தை. ஒரு லாரி லோடு இறக்கிய மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை அதிகம் பேசுகிறவர் இல்லை. களத்துக்குப் பின்னால் வேலியில் ஒரு செம்போத்து கூடு கட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். முப்பது வருடமாக என் வேலி, எனக்குத் தெரியாது. நான்கு தோப்புக்காரன் இதைக் கண்டுபிடித்திருப்பானா என்று ஒரு கணம் யோசித்தேன். சோற்று நேரத்துக்கு முன்னால் யோசிக்கிற விஷயம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ருக்குமணி வரிசையாக இலை போட்டாள். நான்கு முழு இலை. ஐந்தாவதைக் கையில் எடுத்து, நடுவில் கிழிக்கப் போனாள்.

"சின்னதுதானுங்க, பாதி போதும்."

"கிழிக்காத" என்றேன். "முழுசாப் போடு."

இந்துமதி நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கத் தண்ணீர்ச் செம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதிலும் அப்படித்தான் செய்வாள்.

ஆதிரை சாப்பிட்டது நாலு வாய் பருப்புச் சோறும் ஒரு அப்பளமும். இலையில் முக்கால்வாசி பச்சையாகவே கிடந்தது. கிடக்கட்டும்.

இன்று சாப்பிட்டவர்கள் ஐந்து பேர். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.